பரிந்துரைத்த ஆறு ஐட்டங்கள் எங்கே தவறுகின்றன: மொபைல் லெஜண்ட்ஸ் கடை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் கைப்பேசி விளையாட்டான மொபைல் லெஜண்ட்ஸில் ஓர் ஆட்டம் தோற்றால் அதற்கப்புறம் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அடி தாங்க வேண்டிய டேங்க் முன்னால் நிற்கவில்லை, காட்டில் வேட்டையாடும் ஜங்லர் லார்டை (வீழ்த்தும் அணிக்கு உதவும் பெரிய மிருகம்) விட்டுக்கொடுத்தான், நடுப்பாதையில் நிற்கும் மிட் லேன்காரன் உதவிக்கு வரவே இல்லை. ஆட்டத்துக்குள் சேரும் கோல்டைக் கொண்டு யார் எந்த ஐட்டத்தை (ஆயுதம், கவசம் போன்றவை) எந்த நேரத்தில் வாங்கினார்கள் என்று பேசுகிறவர்கள் குறைவு. இத்தனைக்கும் ஆட்டம் முடிந்ததும் வரும் திரையில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஆறு சின்னப் படங்களாக அது வரிசையாக நிற்கிறது. தோல்விக்கான காரணம் பல நேரம் அந்த வரிசையிலேயே இருக்கும்.

இந்த ஆய்வுக்கு ஒரு மாதிரி ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். இது விளக்கத்துக்காக நானே அமைத்தது. ஆனாலும் ராங்க் ஆட்டங்களில் புழங்கியவர்களுக்கு மிகவும் பழகிய காட்சிதான்.

நம் பக்கம் கோல்டு லேன் என்ற பாதையில் தூரத்திலிருந்து அடிக்கும் லைலா, ரோமராக, அதாவது சுற்றிவந்து கூட்டாளிகளுக்கு உதவுபவராக, டேங்க் டைகிரீல். எதிர்ப்பக்கம் ரோமராக வைத்தியர் எஸ்டஸ், எக்ஸ்பி லேன் என்ற இன்னொரு பாதையில் டேங்க் யுரேனஸ், ஜங்லராக சேபர், மிட் லேனில் யூடோரா, கோல்டு லேனில் மோஸ்கோவ். முதல் எட்டு நிமிடம் நமக்குச் சாதகம். லைலா நன்றாக ஃபார்ம் செய்திருக்கிறார் (மினியன் என்ற சிறு படைவீரர்களைக் கொன்று கோல்டு சேர்ப்பது), கோல்டில் முன்னணி. எட்டாவது நிமிடத்தில் லார்ட் வருகிறது. அதற்கப்புறம் நடக்கும் ஒவ்வொரு டீம் ஃபைட்டிலும் லைலா யுரேனஸை அடித்துக்கொண்டே இருக்கிறார், யுரேனஸ் சாக மறுக்கிறார். எஸ்டஸின் வைத்தியம் ஒரு பக்கம், அடி வாங்க வாங்க உயிரை மீட்டுக்கொள்ளும் யுரேனஸின் சொந்தத் திறன் இன்னொரு பக்கம். இந்த இடைவெளியில் சேபர் லைலாமேல் பாய்ந்து முடித்துவிடுகிறார். பதினைந்தாவது நிமிடத்தில் நம் தளமான பேஸ் போய்விடுகிறது, ஆட்டமும் முடிகிறது.

லைலாவின் ஐட்டங்களைப் பார்த்தால் குறையே தெரியாது: காலணி, பெர்சர்கர்ஸ் ஃப்யூரி, ஹாஸ் கிளாஸ், பிளேட் ஆஃப் டிஸ்பேர், ஐந்தாவதற்குப் பாதி கோல்டு. எல்லாமே லைலாவுக்குப் பொருத்தமானவை. எல்லாமே ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் விளையாட்டே முன்வைக்கும் பரிந்துரைப் பட்டியலில் இருந்து வந்தவை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு லைலாவைத் தெரியும். எதிரே நிற்கும் ஐந்து பேரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

கடை விரலடிக்கு வந்த கதை

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிய, கணினியிலிருந்து கைப்பேசிக்கு இந்த வகை விளையாட்டு வந்தபோது கடைக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். கணினி விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஐட்டம் வாங்க வேண்டுமானால் பேஸுக்குத் திரும்பிப் போக வேண்டும். போய்வரும் நேரத்தில் லேனில் மினியன்கள் வீணாகும், டவர் அடி வாங்கும். ஆக, ஒவ்வொரு கொள்முதலுக்கும் கோல்டு போக நேரமும் விலையாக இருந்தது. வாங்கப் போகும் முன் யோசிக்கவும் அதுவே இடம் கொடுத்தது.

கைப்பேசியில் இந்த வகையைத் தீவிரமாக முயன்ற முன்னோடிகளில் ஒன்றான வெயின்குளோரி 2014-ல் வந்தது. அதிலும் பேஸில் ஒரு கடை, காட்டுக்குள் ஒரு கடை என்று நடந்து போகத்தான் வேண்டியிருந்தது. மூண்டன் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட மொபைல் லெஜண்ட்ஸ் அந்த நடையை எடுத்துவிட்டது. வரைபடத்தில் எங்கே நின்றாலும், எதிரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட வாங்கலாம். கோல்டு சேர்ந்ததும் அடுத்த ஐட்டத்தின் படம் திரை ஓரத்தில் தானே வந்து நிற்கும். ஒரு தொடுதல், முடிந்தது.

வடிவமைப்பாளர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது விளங்காத விஷயமல்ல. இடது கட்டைவிரல் நடக்கவும் வலது கட்டைவிரல் அடிக்கவும் ஏற்கெனவே முழு நேரமும் வேலையில் இருக்கின்றன. சின்னத் திரையில் கடையைத் திறந்து படித்துப் பார்த்து வாங்கச் சொன்னால் பாதிப் பேர் ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள். ஒரு தொடுதல் பொத்தான் இல்லாவிட்டால் இந்த விளையாட்டு தென்கிழக்காசியாவில் இத்தனை பெரிதாகப் பரவியிருக்காது என்பது என் கணிப்பு. பலரும் பேருந்திலும் உணவு இடைவேளையிலும் ஆடும் ஆட்டம் இது.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு பின்விளைவும் உண்டு. வாங்குவது தேர்வாக இல்லாமல் அனிச்சையாகிவிட்டது. பட்டியலை ஆட்டத்துக்கு முன்பே அமைத்துவிட்டு, உள்ளே போனதும் பொத்தான் மின்னும்போதெல்லாம் தட்டுவது. முதல் மூன்று ஐட்டங்கள்வரை இதனால் பெரிய சேதம் இல்லை. அவை அந்தக் கதாபாத்திரம் இயங்கத் தேவையான அடிப்படை. எதிரே யார் நின்றாலும் அவை பெரும்பாலும் மாறுவதில்லை. நான்காவதிலிருந்துதான் பட்டியல் காலை வாருகிறது.

கவசக் கணக்கு

மாதிரி ஆட்டத்துக்கு வருவோம். லைலா பிளேட் ஆஃப் டிஸ்பேர் வாங்கியது சரியா?

இந்த விளையாட்டில் தற்காப்பு வேலை செய்யும் விதம் எளிமையானது. 120-ஐ, 120-உடன் எதிரியின் தற்காப்பைக் கூட்டிய எண்ணால் வகுத்தால், நாம் அடிக்கும் அடியில் எவ்வளவு உள்ளே இறங்கும் என்று கிடைக்கும். தற்காப்பு 120 என்றால் பாதி அடி இறங்கும். 240 என்றால் மூன்றில் ஒரு பங்கு. 360 என்றால் கால் பங்கு.

அடிகளில் ஃபிசிக்கல் (ஆயுத அடி), மேஜிக் (மந்திர அடி) என்று இரு வகை உண்டு. லைலாவின் ஃபிசிக்கல் தாக்குதல் 500 என்றும், யுரேனஸின் ஃபிசிக்கல் தற்காப்பு 360 என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு 125 இறங்குகிறது. பிளேட் ஆஃப் டிஸ்பேர் 3010 கோல்டு, 160 தாக்குதல் தருவது. அதை வாங்கினால் 660-இல் கால் பங்கு, 165. அதற்குப் பதிலாக ஏறத்தாழ 2000 கோல்டுக்குக் கிடைக்கும் மாலெஃபிக் ரோர் வாங்கியிருந்தால்? அது எதிரியின் தற்காப்பில் ஒரு சதவீதத்தை ஊடுருவும்; தற்காப்பு கூடக்கூட அந்தச் சதவீதமும் கூடும். கணக்குக்கு 40% என்று எடுத்துக்கொண்டால் 360 என்பது 216 ஆகிறது, இறங்கும் அடி 179 அருகே வருகிறது. அது தரும் கூடுதல் தாக்குதலை இதில் நான் சேர்க்கவே இல்லை. குறைந்த விலை, அதிக அடி.

இதே இரண்டையும் மோஸ்கோவ்மேல் வைத்துப் பார்த்தால் கதை தலைகீழாகிறது. அவருடைய தற்காப்பு 40 என்றால் எதுவும் வாங்காதபோது 375 இறங்கும். மாலெஃபிக் ரோரோடு 417. பிளேட் ஆஃப் டிஸ்பேரோடு 495. பாதி எச்பிக்கு (உயிர் அளவு) கீழே போனவர்மேல் டிஸ்பேர் தரும் கூடுதல் தாக்குதலையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். ஆக, எந்த ஐட்டம் பெரியது என்று தனியாகக் கேட்பதில் பொருளே இல்லை. அடுத்த இரண்டு நிமிடம் யாரை அடிக்கப் போகிறோம்? எட்டாவது நிமிடத்தில் லைலா அடித்துக்கொண்டிருந்தது யுரேனஸை. மோஸ்கோவ் அவருக்கு எட்டவே இல்லை.

இந்தக் கணக்கைச் சொல்லும்போது பரவலான ஒரு தவறான நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். தற்காப்பு கூடக்கூட அதன் பயன் குறைந்துபோகிறது என்பார்கள். சதவீதத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்: 50, 67, 75. ஆனால் 10000 எச்பி உள்ள டேங்கைக் கொல்ல எவ்வளவு அடி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். தற்காப்பு 120-இல் 20000, 240-இல் 30000, 360-இல் 40000. ஒவ்வொரு 120-க்கும் அதே 10000 கூடிக்கொண்டே போகிறது. எச்பி குறைவாக இருந்தால் இந்தக் கூடுதலும் சிறுக்கும் என்பதுதான் உண்மையான வரம்பு. அதனால்தான் வெறும் கவசமாக அடுக்கும் டேங்கைவிட எச்பியும் கலந்து வாங்கும் டேங்க் அதிக நேரம் நிற்கிறார்.

வைத்தியத்தை யார் நிறுத்துவது

மாதிரி ஆட்டத்தின் பெரிய ஓட்டை ஊடுருவலில்கூட இல்லை. எதிரணியில் எஸ்டஸும் யுரேனஸும் இருந்தும் நம் ஐந்து பேரில் ஒருவரிடமும் வைத்தியத்தைக் குறைக்கும் ஐட்டம் இல்லை.

சீ ஹால்பெர்ட் வைத்திருப்பவர் அடித்தால், அடி வாங்கியவருக்குக் கிடைக்கும் உயிர்மீட்பும் ஷீல்டும் (அடியை உறிஞ்சும் தற்காலிகக் காப்பு) சில விநாடிகளுக்குப் பாதியாகும். டாமினன்ஸ் ஐஸ் டேங்குகளுக்கானது. அருகில் வரும் எதிரிகளின் மீட்பைக் குறைக்கும், அவர்களுடைய அடிக்கும் வேகத்தையும் மட்டுப்படுத்தும். மேஜிக் பக்கத்திலும் இதற்கான ஐட்டம் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு அந்த வேலை ஐட்டம் மாறி உட்கார்ந்திருக்கிறது, எனவே கடையில் விளக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவதே நல்லது.

இதன் எடையை ஒரு கணக்கில் பார்க்கலாம். கவசம் போக யுரேனஸுக்குள் விநாடிக்கு 600 அடி இறங்குகிறது, அதில் பாதி லைலாவுடையது. எஸ்டஸாலும் சொந்தத் திறனாலும் விநாடிக்கு 400 திரும்பி வருகிறது. நிகர இழப்பு 200. அவருக்கு 8000 எச்பி என்றால் சாக 40 விநாடி. அத்தனை நீளமான சண்டை இந்த விளையாட்டில் கிடையாது. லைலா பிளேட் ஆஃப் டிஸ்பேர் வாங்கித் தன் பங்கை 300-லிருந்து 396 ஆக்கினால் நிகர இழப்பு 296, 27 விநாடி. யாராவது ஒருவர் மீட்பைப் பாதியாக்கினால் நிகர இழப்பு 400, 20 விநாடி. அந்த ஒருவர் டைகிரீலாக இருந்தால் லைலாவின் ஓர் இடமும் மிச்சம்.

எண்கள் என் அனுமானம்தான். ஆனால் எதிரி மீட்பது நாம் அடிப்பதை நெருங்க நெருங்க, ஓர் ஐட்டத்தால் அடியைக் கூட்டுவதைவிட மீட்பைப் பாதியாக்குவது அதிகப் பலன் தரும் என்ற உறவு மாறாது. மறுபக்கமும் உண்டு: எதிரணியில் உயிர்மீட்பு அதிகம் இல்லாதபோது சீ ஹால்பெர்ட் வாங்குவது கோல்டைக் கிணற்றில் போடுவதுதான்.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, எஸ்டஸை அடித்தால் அவர் கொடுக்கும் வைத்தியம் குறையும் என்று நினைப்பது. குறைவது, அடி வாங்கியவர் பெறும் மீட்பு. யுரேனஸ் சாக வேண்டுமானால் யுரேனஸ்மேல்தான் அந்த அடி பட வேண்டும். இரண்டாவது, ஒரே ஐட்டத்தை இருவர் வாங்கினால் இரட்டிப்பாகும் என்று நினைப்பது. ஆகாது. ஒரே பெயர் கொண்ட தனித்திறன்கள் ஒன்றன்மேல் ஒன்று சேராது. இருவரும் வெவ்வேறு எதிரிகளை அடித்தால் பரப்பு கூடும், அவ்வளவே.

முன்பின் தெரியாத ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ராங்க் ஆட்டத்தில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இன்னொருவர் வாங்குவார் என்று ஐவரும் இருந்துவிடுவார்கள். லைலாவுக்குத் தன் கில் எண்ணிக்கை முக்கியம், டைகிரீலுக்குத் தன் கவசம் முக்கியம். அணியின் பட்டியலைத் திறந்து மற்றவர்கள் என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று பார்க்க இரண்டு விநாடி போதும். மாதிரி ஆட்டத்தில் அந்த இரண்டு விநாடியை யாரும் செலவழிக்கவில்லை.

போட்டி மேடையில் இதே கேள்வி எப்படிப் போனது என்பது சுவாரஸ்யமானது. பிலிப்பைன்ஸின் பிளாக்லிஸ்ட் இன்டர்நேஷனல் அணி 2021-ல் எஸ்டஸ் போன்ற வைத்தியர்களை நடுவில் வைத்து, ஐவரும் ஒட்டிக்கொண்டே நகரும் ஓர் உத்தியால் பேர் வாங்கியது. அல்டிமேட் பாண்டிங் எக்ஸ்பீரியன்ஸ் என்று அதற்குப் பெயரும் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த எம்3 உலகப் போட்டியின் இறுதியில் ஒனிக் பிஎச் அணியை 4-0 என்று வென்றார்கள். அவர்களை எதிர்கொண்ட அணிகள் எஸ்டஸை, ஆட்டத்துக்கு முன் கதாபாத்திரங்களைத் தேர்வு செய்யும் கட்டத்திலேயே தடை செய்வதை வழக்கமாக்கிக்கொண்டன. ஐட்டத்தில் பதில் இருக்கிறதே, பிறகு ஏன் ஒரு தடையை வீணாக்க வேண்டும்? என் ஊகம் இது: மீட்பைக் குறைக்கும் ஐட்டம் கைக்கு வரப் பல நிமிடம் ஆகும், அதற்குள் டர்டில்களும் (ஆட்டத் தொடக்கத்தில் வரும் மிருகங்கள்) வெளி டவர்களும் போய்விடும். விடை தெரிந்திருந்தாலும் அது கைக்கு வரும் நேரம் பிந்திவிட்டால் பயனில்லை.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் கைப்பேசி வடிவமான வைல்ட் ரிஃப்ட் இந்த இடத்தில் கொஞ்சம் கருணை காட்டியது. மீட்பைக் குறைக்கும் திறனை எக்ஸிக்யூஷனர்ஸ் காலிங் என்ற சிறிய, மலிவான உறுப்பு ஐட்டத்திலேயே வைத்திருந்தது. சீக்கிரம் வாங்கிவிட்டுப் பிறகு பெரிதாக வளர்த்துக்கொள்ளலாம். மொபைல் லெஜண்ட்ஸில் முழு ஐட்டத்தையும் கட்டி முடித்தால்தான் திறன் வரும். அதனால் வரிசையில் அதை எத்தனையாவதாக வைக்கிறோம் என்பது இங்கே இன்னும் கடுமையான முடிவு.

சேபர்

லைலாவுக்குத் தப்பி ஓடும் திறன் கிடையாது. தூரத்தில் நின்று அடிப்பதுதான் அவருடைய பலம் முழுதும். சேபரின் மிகப் பெரிய திறனான அல்டிமேட் ஒருவரைக் குறிவைத்துத் தூக்கி அடிக்கும். அதைச் சமாளிக்கப் பலரும் எச்பி தரும் ஏதாவது ஒன்றை வாங்கிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

தற்காப்பு ஐட்டங்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒருவகை அடிக்கு எதிராகச் செய்யப்பட்டவை. ஆன்டிக் குவிராஸ் திறன்களால் வரும் ஃபிசிக்கல் அடிக்கு. பிளேட் ஆர்மர் சாதாரண அடிக்கு, அதாவது மோஸ்கோவ் போன்றவர்களுக்கு. அடித்தவருக்கே கொஞ்சம் திருப்பியும் கொடுக்கும். அதீனாஸ் ஷீல்ட் யூடோராபோல ஒரே மூச்சில் கொட்டும் மேஜிக்குக்கு. ரேடியன்ட் ஆர்மர் சாங்கே போலத் தொடர்ந்து சொட்டும் மேஜிக்குக்கு. ஃபிசிக்கலா மேஜிக்கா, சாதாரண அடியா திறனா, ஒரே கொட்டலா தொடர் சொட்டலா என்று மூன்று கேள்வி கேட்டாலே கடையின் அந்தப் பக்கம் முக்கால்வாசி தெளிவாகிவிடும்.

லைலா கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது: அந்த அடி என்னைத் தொடும் முன் எனக்குப் பொத்தானை அழுத்த நேரம் இருக்குமா? விண்ட் ஆஃப் நேச்சர் அழுத்தினால் 2 விநாடிக்கு ஃபிசிக்கல் அடி எதுவும் ஏறாது. சேபருக்கு இது சரியான மருந்து. ஆனால் சேபர் தூக்கி எறிந்த பிறகு அழுத்துவதை நம்பிப் பயனில்லை. புதரிலிருந்து அவர் வெளிப்படுவதைப் பார்த்த கணத்திலேயே அழுத்த வேண்டும். அந்த அனிச்சை இல்லாதவர்களுக்கு இம்மார்டாலிட்டி நல்லது. செத்தால் தானே எழுப்பும், பொத்தான் தேவையில்லை. பதிலுக்கு, ஒருமுறை எழுப்பிய பின் நீண்ட நேரம் அது வெறும் கவசம்தான்.

கடை எங்கும் திறந்திருப்பதன் உண்மையான லாபம் இங்கேதான் கிடைக்கிறது. கோல்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு, சண்டை தொடங்கும் கணத்தில் விண்டர் டிரன்ச்சனை (பின்னாளில் விண்டர் கிரவுன்) வாங்கி, அழுத்தி, எந்த அடியும் படாமல் உறைந்து நின்று, ஆபத்து கடந்ததும் அதை விற்றுவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைப்பது போட்டி ஆட்டக்காரர்களிடம் பழகிப்போன வேலை. விற்கும்போது வாங்கிய விலை முழுதாகத் திரும்பாது, ஒவ்வொரு மாற்றத்திலும் நஷ்டம் உண்டு. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், ஆறு இடமும் நிரம்பி கோல்டு சும்மா கிடக்கும்போது அந்த நஷ்டத்துக்கு அர்த்தமில்லை. காலணியையே விற்றுவிட்டு ஆறாவதாக ஒரு பெரிய ஐட்டம் வைக்கும், லைலா போலத் தூரத்திலிருந்து அடிக்கும் மார்க்ஸ்மேன்களும் அந்தக் கட்டத்தில்தான் அதைச் செய்கிறார்கள். நாம் வெறும் வசதி என்று நினைக்கும் ஒரு தொடுதல் பொத்தான் அவர்கள் கையில் ஏழாவது ஐட்டமாகிவிடுகிறது.

வைல்ட் ரிஃப்டில் இப்படிச் செய்ய முடியாது, கடை பேஸில்தான். 2020 அக்டோபரில் மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட நாடுகளில் பொதுச் சோதனைக்கு வந்தபோது, அழுத்தி இயக்கும் திறன்களை எல்லாம் காலணியோடு ஒட்டவைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு காலணி, எனவே ஆளுக்கு ஒரு பொத்தான். அது ஒரு நேர்த்தியான தீர்வு என்று இப்போதும் நினைக்கிறேன்.

மொபைல் லெஜண்ட்ஸும் காலணியை வேறு காரணத்துக்காகப் பயன்படுத்திக்கொண்டது. முன்பு ஜங்லருக்கும் ரோமருக்கும் தனி ஐட்டங்கள் இருந்தன. காலணியோடு சேர்த்து ஆறில் இரண்டு இடம் அடிப்படை வேலைக்கே போய்விடும், மிச்சம் நான்கு. பின்னாளில் அவற்றைக் காலணியின்மேல் ஏற்றும் ஆசீர்வாதங்களாக மாற்றினார்கள். மேலுக்குச் சின்ன மாற்றம். ஆனால் டைகிரீல் போன்ற ரோமர் டாமினன்ஸ் ஐஸ் வாங்க இடமில்லை என்று சாக்குச் சொல்ல முடியாமல் போனது இதனால்தான். கோல்டு குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம். அது நியாயமான புகார், ஏனென்றால் ரோமரின் வருமானமே மினியன்களைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்து வாழ்வதாக அமைந்திருக்கிறது.

கடையே இல்லாவிட்டால்

பரிந்துரைப் பட்டியல் இவ்வளவு தொந்தரவு என்றால் கடையையே எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். போகிமான் யுனைட் அதைத்தான் செய்தது. 2021 ஜூலையில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியிலும் செப்டம்பரில் கைப்பேசியிலும் வந்த அந்த விளையாட்டில் ஆட்டத்துக்குள் எதுவும் வாங்க முடியாது. மூன்று ஐட்டங்களையும் ஒரு போர்ப் பொருளையும் முன்பே எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கட்டைவிரலுக்கு நிம்மதி. ஆனால் அந்த மூன்று ஐட்டங்களுக்கும் 30 வரை நிலைகள் வைத்து, அவற்றைப் பணத்தாலும் வேகமாக உயர்த்தலாம் என்று வைத்திருந்தார்கள். காசு கொடுத்தவருக்குப் பலம் என்ற குற்றச்சாட்டு வெளியான உடனேயே எழுந்தது, அதில் உண்மையும் இருந்தது. மொபைல் லெஜண்ட்ஸ் கடையை எவ்வளவு குறை சொன்னாலும், அதில் எல்லோரும் ஆட்டத்துக்குள் சம்பாதித்த கோல்டில்தான் வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதை ஆடி வந்தவர்களுக்கு ஒரு சொல். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் மொபைல் லெஜண்ட்ஸும் ஒன்று. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்தத் தடங்கல் கிடையாது. ஆனால் மேலே சொன்ன கேள்விகள் இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. வகுக்கும் எண்ணும் ஐட்டங்களின் பெயரும் மாறும், வாதம் அப்படியே நிற்கும்.

மாற்றி ஆடினால்

மாதிரி ஆட்டத்தின் எட்டாவது நிமிடத்துக்கே போவோம். லைலாவிடம் காலணியும் இரண்டு ஐட்டங்களும் இருக்கின்றன. முதலில் டைகிரீலின் வரிசையைப் பார்க்க வேண்டும். டாமினன்ஸ் ஐஸ் அவரிடம் இருந்தாலோ அடுத்து வரப்போகிறதென்றாலோ லைலா நேராக மாலெஃபிக் ரோருக்குப் போகலாம். இல்லையென்றால் சீ ஹால்பெர்ட் முதலில், மாலெஃபிக் ரோர் அடுத்து. அப்புறம் விண்ட் ஆஃப் நேச்சர், ஏனென்றால் சேபர் லைலாவைத் தேடித்தான் வருவார். பிளேட் ஆஃப் டிஸ்பேர் கடைசி இடத்துக்குப் போகிறது. ஆட்டம் அதுவரை நீளாமலும் போகலாம்.

இதற்குப் புதுத் திறமை எதுவும் வேண்டாம். லைலாவுக்கு முன்கூட்டியே ஒன்றுக்குப் பதில் மூன்று பட்டியல் தயாரித்து வைத்துக்கொள்ளலாம்: மீட்பு அதிகமுள்ள அணிக்கு ஒன்று, இரண்டு டேங்க் உள்ள அணிக்கு ஒன்று, பாய்ந்து கொல்லும் அணிக்கு ஒன்று. ஆட்டம் ஏறும் திரையில் எதிரணியின் ஐந்து முகங்களும் தெரியும் அந்தச் சில விநாடிகளில் எது என்று முடிவு செய்துவிடலாம். உள்ளே போனபின் பொத்தான் மின்னும்போது தட்டலாம், தப்பில்லை. அது அப்போது சரியான பட்டியலிலிருந்து மின்னும். மாதிரி ஆட்டத்தில் எதிரணி மூன்று வகையிலுமே கொஞ்சம் கொஞ்சம் பொருந்துகிறது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் மீட்புக்கான பட்டியலிலிருந்து தொடங்குவேன். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் தாமதித்துப் பதில் சொன்னாலும் சமாளித்துவிடலாம், எஸ்டஸோடு நிற்கும் யுரேனஸிடம் தாமதத்துக்கு இடமில்லை.